மூன்று வயதுச் சீஸ்

கடையில் சீஸ் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும்போது அக்காவுக்கு வாய் மூடாது. வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் வாய் திறக்காது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. கடையில் அவளைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்ததில்லை, வீட்டில் பார்த்தவர்கள் அந்தக் கடைப் பக்கம் போனதில்லை.

கடையில் அவளுக்குச் சீஸ் அக்கா என்று பெயர். மேலாளரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். ஆனால் அப்படிக் கூப்பிட உண்மையில் உரிமை உள்ளவன் ஒருத்தன்தான், அவள் தம்பி. அவன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை மெக்கானிக். போனால் மாதக்கணக்கில் கடலிலேயே கிடப்பான். ஒரு நாள் சாயங்காலம் அவன் போன் செய்தான்.

"அக்கா, ஒரு உதவி."

"சொல்லு."

"அவளுக்குக் கட்டு பிரிச்சாச்சு. ஆனா கை இன்னும் வரல. நானே பாத்துக்கிறேன்னுதான் சொல்றா. குரலே சரியில்லக்கா. நான் வர்ற வரைக்கும் கொஞ்ச நாள் அவகூட இருக்கியா?"

"அவங்க கேட்டாங்களா?"

"அவ கேப்பாளா? நீயா இருந்தா கேப்பியா? ரெண்டு பேரும் ஒரே அச்சுல வார்த்தது."

தம்பி மனைவி ஒரு நாடக அரங்கின் தையல் பட்டறையில் உடை தைப்பவள். துணியில் அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பட்டறையில் அவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தார்கள். தம்பியும் அப்படியே கூப்பிட்டான். மழை நாளில் உடை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டறைப் படியில் இறங்கியபோது வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அக்காவுக்கும் அவளுக்கும் சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கமும் கிடையாது. அக்கா கூச்சக்காரி. கல்யாணத்தன்று தம்பி மனைவியை 'நீங்க' என்று கூப்பிட்டாள். அன்றைக்கு வாயில் வந்தது அப்படியே நின்றுவிட்டது. தன்னைவிட வயதில் அவ்வளவு சின்னவளை, இத்தனை வருஷமாக 'நீங்க, வாங்க' என்றே பேசிக்கொண்டிருந்தாள். அவளும் 'அண்ணி, அண்ணி' என்று மரியாதையாகத் தள்ளியே நின்றாள்.

பெட்டியும் கையுமாக அக்கா போய் நின்றபோது மின்னல் இடது கையால் கதவைத் திறந்தாள். வலது கை சட்டைப் பையில் இருந்தது.

"வாங்க அண்ணி. சாப்டீங்களா?"

"ஆச்சு. நீங்க?"

"எனக்கும் ஆச்சு."

இரண்டும் பொய். கொஞ்ச நேரத்தில் ரொட்டி டப்பாவைத் தேடி இரண்டு பேரும் சமையலறையில் முட்டிக்கொண்டார்கள். அப்போதும் சிரிக்கவில்லை. "நீங்க எடுத்துக்கோங்க அண்ணி", "இல்ல, நீங்க எடுத்துக்கோங்க" என்று டப்பா இரண்டு தடவை கை மாறியது.

வீடு சின்னது. ஜன்னலோரம் தையல் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. அதன் பக்கத்தில் தலையில்லாத ஒரு பொம்மை, உடம்பெல்லாம் குண்டூசியோடு நின்றது. அதன் மேல் அடுத்த நாடகத்து ராஜாவுக்கான நீலக் கோட்டு. ஒரு கை தைத்திருந்தது, மறு கை இன்னும் வைக்கவில்லை.

அக்கா வேலையில் இறங்கினாள். பாசம் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரே வகை. பக்கவாதம் வந்த அம்மாவைக் கடைசி வருஷங்களில் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்கு இரண்டு கையும் அசையாது. ஊட்டுவது, தலை வாருவது, மூக்கு நமைத்தால் சொறிந்துவிடுவது வரை எல்லாம் அக்காவின் கைதான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். மின்னல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் மூடி திறந்திருக்கும். சீப்பைப் பார்த்தால் அக்கா பின்னால் நிற்பாள். ரொட்டி வெட்டி, வெண்ணெய் தடவி, நாலாக நறுக்கித் தட்டில் வந்துவிடும். கடைக்குப் போகும் நாட்களில் மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஸ்பூன் சொருகிய கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி. அங்கே ஒரு பிசியோ பெண், கன்னத்தில் குழி விழச் சிரிப்பவள், மின்னலிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு மெத்துப் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொல்லியிருந்தாள். பந்து மேஜை இழுப்பறைக்குள் போனது, போனதுதான்.

"பச்சப்புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி குடுத்திருக்காங்க," என்றாள் மின்னல். அவ்வளவுதான் அதைப் பற்றிய பேச்சு.

ஒரு நாள் மத்தியானம் பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். நாடகம் நெருங்குகிறது, கோட்டை வேறு ஆள் முடித்துவிடுவார்கள், நீங்கள் நிதானமாகக் குணமாகுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். குண்டூசி ஒன்றுகூட விழாமல் பொம்மையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். மின்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தாள். நார் நாராக நீக்கி, சுளை சுளையாகப் பிரித்து, பூ மாதிரி தட்டில் அடுக்கி அவள் முன்னால் வைத்தாள்.

மின்னல் தட்டையே பார்த்தாள்.

"தோலு எங்க அண்ணி?"

"குப்பையில போட்டுட்டேன்."

"நான் உரிச்சிருப்பேன்."

"இல்ல, நீங்க கஷ்டப்படுவீங்களேன்னு..."

"கஷ்டப்பட்டாதான் கை வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுது." அவள் குரலை உயர்த்தவில்லை. "கஷ்டப்படுறதுக்கு இந்த வீட்ல எனக்கு ஒண்ணுமே மிச்சம் இல்லியே அண்ணி. எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டா நான் எதுக்கு?"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனவள் மாதிரி ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அக்கா எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளரை இன்னொரு தடவை கழுவினாள். அம்மாவின் கை வேறு, இந்தக் கை வேறு என்பது அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் கை போய்விட்ட கை. இது திரும்பி வர வழி தேடுகிற கை. அதற்கு வழி விடாமல் குறுக்கே நின்றுகொண்டிருந்தது தன்னுடைய கைதான்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"இன்னிக்கு எனக்கு அரை நாள் வேலைதான். நீங்க கடைக்கு வர்றீங்களா?"

"எதுக்கு அண்ணி?"

"சும்மா. சீஸ் வாங்க."

மின்னல் சிரித்துவிட்டாள். "சீஸ் விக்கிறவங்களே சீஸ் வாங்க ஆள் கூப்பிடுறீங்களா?"

உண்மையில் அக்கா வீட்டுக்குச் சீஸ் கொண்டுவருகிற ஆள் இல்லை. நாள் முழுக்க அந்த வாசனையிலேயே நிற்பவளுக்கு வீட்டிலாவது மூக்குக்கு ஓய்வு வேண்டும். ஆனால் மின்னலின் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. ஏற்கெனவே துருவி விற்கிற சீஸ். மரத்தூள் மாதிரி காய்ந்து கிடந்தது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம், பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவள் மாதிரி அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அந்தப் பை ரொம்ப நாளா என் கண்ண உறுத்துது," என்றாள்.

கடையில் மின்னல் பார்த்த ஆள் வேறு. வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் மாட்டியதும் அக்காவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய ஒரு சீஸ் சக்கரத்தை அன்றைக்கு உடைக்க வேண்டியிருந்தது. அக்கா அதன் தோலில் ஒரு கோடு கீறினாள். பாதாம்பருப்பு வடிவத்தில் இருந்த குட்டைக் கத்திகளை அந்தக் கோட்டில் ஒவ்வொன்றாக இறக்கி, ஒன்றை லேசாகத் திருகினாள். சக்கரம் தானாகவே இரண்டாகப் பிளந்து, வெட்டிய மழமழப்பு இல்லாமல், பாறை உடைந்த மாதிரி சொரசொரவென்று மல்லாந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கை நீட்டினார்கள்.

"போன தடவ வாங்கினது தடியா இருந்துச்சு, இந்தத் தடவ மெல்லிசா சீவிக் குடு," என்றார் ஒரு பஸ் டிரைவர்.

"ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்றீங்க. இதுக்கு மேல மெல்லிசாக்கினா வாசனைய மட்டும்தான் பொட்டலம் கட்டித் தரணும்," என்றாள் அக்கா.

வரிசையே சிரித்தது. கவுன்டர் ஓரத்தில் நின்ற மின்னல், இவளையா நான் இத்தனை நாள் ஊமை என்று நினைத்தேன் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் குறைந்ததும் அக்கா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, காகிதத்தில் சின்னச் சின்னத் துண்டுகளை வரிசையாக வைத்தாள்.

"எல்லாம் இத்தாலிக்காரங்க பண்றது, கெட்டிச் சீஸ். இது ஒரு வயசு. பால் வாசமே இன்னும் போகல. கடிச்சுத் தின்னலாம், துருவினா பிசுபிசுன்னு ஒட்டிக்கும். இது ரெண்டு வயசு. எதோட போட்டாலும் ஒத்துப்போகும், நல்ல மருமகன் மாதிரி. இது செம்மறியாட்டுப் பால். உப்பு ஜாஸ்தி, முன்கோபி, அளவாத்தான் பழகணும். இது மூணு வயசு. பிடிவாதம். ஆனா நாக்குல பட்டுச்சுன்னா ரொம்ப நேரம் பேசிக்கிட்டே இருக்கும்."

"அப்ப இது உங்க சாதி," என்றாள் மின்னல். "கடையில மட்டும்."

அக்கா அதைக் காதில் வாங்காத மாதிரி தொடர்ந்தாள். "தோலப் பாரு. புள்ளி புள்ளியாக் குத்தி எழுத்து தெரியுது பாரு, அசலுக்கு அதான் அடையாளம். தோலோடதான் வாங்கணும். தோலுக்குப் பக்கத்துல அகலமா காஞ்சு நிறம் மாறியிருந்தா, வெட்டி ரொம்ப நாள் ஆச்சுன்னு அர்த்தம். அத நீ தொடவே தொடாத."

'பாரு' என்றதும் 'நீ' என்றதும் அக்காவுக்கே தெரியாது. தொழில் பேச்சு அது, தன் பாட்டுக்கு வந்துவிட்டது. மின்னலுக்குத் தெரிந்தது. அவள் காது சிவந்தது.

"தொட்டுப் பாக்கலாமா அண்ணி?"

முதலில் இடது கை நீண்டது. பிறகு, அவளே யோசிக்காத ஒரு நொடியில், சட்டைப் பையிலிருந்து வலது கை வெளியே வந்தது. மெலிந்து, வெளுத்து, வேறு யாரோ ஒருவரிடம் கடன் வாங்கிய கை மாதிரி இருந்தது. மூன்று வயதுத் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, துணி எடுக்கிறவர்கள் துணியை நெருடிப் பார்ப்பது மாதிரி நெருடினாள். அக்கா தராசைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"மணல் மணலா இருக்கே. உப்பா?"

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. உப்பு இல்ல. வயசாக வயசாக உள்ளுக்குள்ளயே வர்ற குருணை. பல்லுல நறுக்குன்னு படும். அது இருந்தா நல்லா முதிர்ந்ததுன்னு அர்த்தம்."

"வயசானா நமக்கும் இந்த மாதிரி ஏதாவது நல்லதா வந்தா தேவல," என்றாள் மின்னல். "எனக்கு இதுவே குடுங்க."

அது கல்லு, துருவினா கை விட்டுப்போயிடும், ரெண்டு வயசே வாங்கிக்கோ. இத்தனையும் அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். துண்டை எடை போட்டு, மெழுகுத் தாளில் மடித்துக் கொடுத்தாள். மின்னல் அதை வலது கையில் வாங்கி, இடது கையால் தாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அடுப்பில் பாஸ்தாவுக்குத் தண்ணீர் கொதித்தது. மின்னல் தட்டின் மேல் நாலுபக்கத் துருவியை நிறுத்தினாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். வேறு எப்படியும் அவை அடங்குகிற மாதிரி தெரியவில்லை.

துருவி வழுக்கியது. அக்காவின் தோள் முன்னால் போய்த் திரும்பி வந்தது.

"அடியில ஈரத்துணி போட்டுக்கோ, நகராது."

மின்னல் ஈரத்துணி போட்டாள். சீஸை வலது கையில் பிடித்தாள். கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. துண்டு கையை விட்டு நழுவி, தரையில் குதித்து, அடுப்பு மேடைக்குக் கீழே உருண்டு போனது. இரண்டு பேரும் அது போன திசையைப் பார்த்தார்கள். குனிந்து எடுக்க அக்காவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனாலும் அவள் எழவில்லை. மின்னல் மண்டியிட்டு, கை விட்டுத் துழாவி எடுத்து, தூசி பட்ட பக்கத்தைச் செதுக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு துருவினாள். நடுவில் நிறுத்தி, கையை உதறி, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். பாஸ்தா வெந்து, வடித்து, ஆறியே போய்விட்டது. தட்டில் சேர்ந்தது ஒரு சின்னக் குவியல். பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும்.

"மின்னல்னு பேரு வச்சாங்க பாருங்க," என்றாள்.

"மூணு வருஷம் காத்துக்கிட்டுக் கெடந்த சீஸு," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தா அதுக்கு என்ன கொறஞ்சிடப் போகுது?"

ஆறின பாஸ்தாவின் மேல் அந்தக் குவியலைப் பாதிப் பாதியாகத் தூவிச் சாப்பிட்டார்கள். அக்கா தினமும் நூறு பேருக்குச் சுவை சொல்கிறவள். அன்றைக்கு ஒரு வாய் எடுத்ததும், இது எப்படி இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அதுதான் பயிற்சி. பாஸ்தா, சூப், அவித்த உருளைக்கிழங்கு, முட்டை என்று எதன் மேலாவது தூவ வேண்டியது. மின்னல் விரல் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டினாள். பிசியோ பெண் அதைப் பார்த்து விசாரித்தாள். பந்து இழுப்பறையில் தூங்குவதும், சீஸ்தான் கையை வேலை வாங்குவதும் வெளியே வந்தது.

"மணிக்கட்ட மடக்காதீங்க, முழங்கையிலேருந்து தள்ளுங்க," என்று அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். "வலிச்சா நிறுத்திடணும். அப்புறம், எனக்கும் அந்தச் சீஸ்ல ஒரு துண்டு கொண்டு வரணும்."

சீஸ் தேய்ந்து தோல் மட்டும் மிஞ்சியதும், எறியப் போனவளை அக்கா தடுத்தாள். தோலைச் சுரண்டிக் கழுவி பீன்ஸ் சூப்பில் போட்டாள். அது கொதித்து இளகி, சூப்புக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது. அடுத்த துண்டை வாங்க மின்னல் தனியாகவே கடைக்கு வந்தாள்.

துருவுகிற நேரத்தில் அக்காவுக்கு வேலை இல்லை. கை சும்மா இருந்ததால் வாய் மெல்ல வேலை செய்ய ஆரம்பித்தது. முதலில் கடைக் கதைகள். பிறகு, பால் லாரி ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் தன்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதும், அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று தான் கேட்டதும், அவர் அதற்குப் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்திலேயே தனக்குப் பதில் தெரிந்துவிட்டதும்.

"அவர் இப்ப எங்க அண்ணி?"

"எங்கயோ. நல்லா இருப்பாரு. லாரிய நல்லா ஓட்டுவாரு."

மின்னல் சிரித்தாள். கொஞ்ச தூரம் துருவினாள். பிறகு துருவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "எனக்கு ஒரு குழந்தை தங்கிச்சு அண்ணி. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். நாலு மாசத்துல போயிடுச்சு. உங்க தம்பி கப்பல்ல இருந்தாரு."

"எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலியே."

"உங்களுக்கு போன் பண்ணினேன். எடுத்தீங்க. 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டீங்க. நீங்கன்னு கேக்கிறவங்ககிட்ட அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சுட்டேன்."

தொடைக்கு அடியில் கிடந்த கை வெளியே வந்தது. அக்கா எழுந்து போய் மின்னலின் பின்னால் நின்று, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மின்னலின் வலது கை சீஸைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் வந்து, அக்காவின் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டது. பிடி இறுக்கமாகத்தான் இருந்தது.

தம்பி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது, ஆனால் மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது என்றார். அன்றாட வேலைகளுக்குப் பிரச்சினை இல்லை. கனமான கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வெட்டுவதை மறந்துவிட வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது மின்னல் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மின்னல் கை கழுவிக்கொண்டு துருவியை எடுத்து வைத்தாள். அன்றைக்கு அழுதுகொண்டேதான் துருவினாள், ஆனால் நிறுத்தவில்லை.

மறுநாள் அவளே பட்டறைக்குப் போய் தலைமைத் தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். வெட்டுகிற மேஜைக்கு ஆள் கிடைக்கும், நடிகர் உடம்பில் உடையைப் போட்டுப் பார்த்ததும் எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சொல்கிற கண்தான் கிடைக்காது என்றார் அவர். அடுத்த மாதத்திலிருந்து அந்த வேலை. மின்னல் வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன விதத்திலிருந்து, அது அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தான். வெயிலில் கறுத்து, முடி வளர்ந்து, ஒரு பெரிய பையோடு. உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தான்.

"போன்ல எப்பப் பாத்தாலும் சீஸு சீஸுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே. துறைமுகத்துல இறங்கி இத வாங்கினேன். கரென்ட்டுல துருவுறது. பட்டன அமுக்கினா போதும், கைக்கு வேலையே இல்ல."

பயிற்சி விஷயத்தை அவர்கள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. கை தேறியதும் நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். அக்கா மின்னலைப் பார்த்தாள். மின்னல் அக்காவைப் பார்த்தாள். முதலில் யார் என்று தெரியவில்லை, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து தம்பி பார்த்ததே இல்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தான்.

"என்ன? வேற கலர் வாங்கியிருக்கணுமா?"

சாப்பாட்டு நேரத்தில் மின்னல் ஈரத்துணி விரித்து, துருவியை வைத்து, மூன்று வயதுத் துண்டை வலது கையில் எடுத்தாள். தம்பி பேச்சை நிறுத்தினான். சீஸ் மெல்லிய சுருளாக விழுந்தது. பழைய வேகம் இல்லை, ஆனால் ஒரே சீராக விழுந்தது. நடுவில் ஒரு இடத்தில் மணிக்கட்டு பிடித்துக்கொள்ள, அவள் கண்ணை இறுக்கி மூடி நின்றாள். தம்பி பதறி எழுந்து கையை நீட்டினான்.

"குடு, நான் துருவித்தரேன்."

"கைய எடு தம்பி," என்றாள் அக்கா.

அவள் குரல் அதட்டலாக இல்லை. ஆனாலும் அவன் சின்ன வயதில் அடங்கிய மாதிரி அடங்கி உட்கார்ந்தான். மின்னல் கண்ணைத் திறந்து, கையை உதறி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தம்பி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் இளகியது. பிறகு, கொதிக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி எழுந்து போய், எப்போதோ அணைத்துவிட்ட அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இரண்டு நாள் கழித்து அக்கா பெட்டி கட்டினாள். மின்னல் வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"இன்னிக்கே போகணுமா?"

"வீட்ல செடிக்குத் தண்ணி ஊத்தணும்."

"உங்க வீட்ல செடியே கிடையாதே அண்ணி."

"வாங்கணும்," என்றாள் அக்கா.

அவள் போகத்தான் செய்தாள். ஆனால் அக்காவுக்கு அரை நாள் வேலை இருக்கிற நாட்களில், மின்னல் பட்டறையிலிருந்து நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். கழுத்தில் அளவு நாடா தொங்கும், சட்டைக் காலரில் குண்டூசி மின்னும். சொந்தக்காரி என்று முன்னால் வரமாட்டாள், வரிசையில்தான் நிற்பாள்.

அப்படி ஒரு நாள், அவளுக்கு முன்னால் நின்ற பெண்மணி எதை வாங்குவது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் மின்னல் பின்னாலிருந்து சொன்னாள்.

"துருவுறதுக்குன்னா மூணு வயசு வாங்குங்க. கொஞ்சம் கை வலிக்கும், பரவால்ல. தோலோட கேளுங்க, தோல சூப்புல போடலாம்."

"நீங்களும் இங்கதான் வேலை பாக்கிறீங்களா?"

"இல்ல. இவங்க எங்க அண்ணி."

அக்கா குட்டைக் கத்தியை எடுத்து அந்தப் பெண்மணிக்கு மூன்று வயதுத் துண்டை உடைத்தாள். எடை போட்டு, மடித்துக் கொடுத்து, மிச்சச் சில்லறையை எண்ணி வைத்தாள். பிறகு வரிசையில் அடுத்து நின்றவளைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும், சொல்லு," என்றாள்.